பொன்னிறக் குதிரையின் பின்னால் எத்தனை மரபணுக்கள்?

அருகருகே நிற்கும் இரண்டு குதிரைகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் உடல் முழுவதும் பொன்னிறம். இரண்டுக்கும் பிடரி மயிரும் வாலும் ஏறக்குறைய வெள்ளை. பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு இவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலவே தோன்றும். ஆனால் நெருங்கிச் சென்று கண்ணைச் சுற்றியுள்ள தோலைப் பாருங்கள். முதல் குதிரைக்கு அந்தத் தோல் கரியதாக இருக்கிறது. கண்ணும் வழக்கமான கரும்பழுப்பு. இரண்டாவதற்கோ தோல் இளஞ்சிவப்பாக, அதன்மேல் பொடிப்பொடியாகப் பழுப்புப் புள்ளிகள் தெளித்தாற்போல் இருக்கிறது. கண் தேன் நிறத்தில் மின்னுகிறது. முதல் குதிரையைப் பாலோமினோ என்பார்கள். இரண்டாவது பொன் ஷாம்பெய்ன். முதலாவதன் நிறத்துக்குக் காரணமான மரபணு 21-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இரண்டாவதன் நிறத்துக்குக் காரணமானது 14-ஆம் குரோமோசோமில். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் நிறம் மரபியலில் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குதிரைகளின் நிறம் நீர்த்துப்போவதைப் புரிந்துகொள்ள முயல்பவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதைத்தான்.

பாலூட்டிகளின் மயிருக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அதில் இரண்டு வகை உண்டு: கருமையும் கரும்பழுப்பும் தரும் யூமெலனின், செம்மையும் மஞ்சளும் தரும் ஃபியோமெலனின். குதிரையின் உடலில் எந்த இடத்தில் எந்த நிறமி உருவாக வேண்டும் என்பதை முதன்மையாக இரண்டு மரபணுக்கள் முடிவு செய்கின்றன. எம்சி1ஆர் என்ற மரபணு கரிய நிறமியை உருவாக்கும் திறனைத் தருகிறது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வந்த அதன் இரண்டு பிரதிகளும் பழுதுபட்டிருந்தால் மயிரில் செந்நிறமியே எஞ்சும், குதிரை செஸ்ட்நட் எனப்படும் செம்பழுப்பு நிறத்தில் பிறக்கும். இந்தப் பிறழ்வு 1996-இல் கண்டறியப்பட்டது. ஏஎஸ்ஐபி என்ற இரண்டாவது மரபணு, கருமை எங்கெங்கே தோன்றலாம் என்று எல்லை வகுக்கிறது. அது சரியாக வேலை செய்தால் கருமை கால்களின் கீழ்ப்பகுதி, பிடரி, வால், காது விளிம்பு ஆகியவற்றோடு நின்றுகொள்ளும், உடல் செந்நிறமாகும், இதுதான் பே. அதிலுள்ள 11 டிஎன்ஏ எழுத்துகள் இரண்டு பிரதிகளிலும் விடுபட்டுப்போனால் கருமை உடல் முழுவதும் பரவி, குதிரை கருப்பாகும். ஆக, அடிப்படை நிறங்கள் மூன்று: கருப்பு, பே, செஸ்ட்நட். மற்ற எல்லா நிறங்களும் இந்த மூன்றின்மேல் ஏதோ ஒரு மரபணு கைவைத்ததன் விளைவு.

இந்த அடிப்படை நிறம் அடர்த்தி குறைந்து வெளிறித் தோன்றுவதைத்தான் நிறம் நீர்த்தல் என்கிறோம். மையில் தண்ணீர் கலந்தாற்போல என்று சொல்வது வழக்கம். முதல் அறிமுகத்துக்கு அந்த உவமை போதும், அதற்குமேல் அது உதவாது. ஏனெனில் தண்ணீர் எல்லா மையையும் ஒரே விதமாக வெளுக்கச் செய்யும். இந்த மரபணுக்களோ ஆளுக்கொரு விதமாக நடந்துகொள்கின்றன. ஒன்று செந்நிறமியை மட்டும் வெளுக்கச் செய்கிறது, இன்னொன்று கருநிறமியை மட்டும். வேறொன்று நிறமியைத் தொடுவதே இல்லை, அது மயிரிழையில் எந்தப் பக்கம் படிய வேண்டும் என்பதை மட்டும் மாற்றுகிறது. நிறமி உருவாவது மெலனோசோம் என்னும் நுண்ணிய பைகளுக்குள். நிறமிச் செல்கள் அவற்றை நிரப்பி, வளர்ந்துவரும் மயிருக்குக் கைமாற்றுகின்றன. அந்தப் பைக்குள் நிகழும் வேதிவினை, பையின் உட்கட்டமைப்பு, பையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து செல்லும் ஏற்பாடு என்று எந்தக் கட்டத்தில் தடங்கல் நேர்ந்தாலும் விளைவு வெளிறிய நிறம்தான். ஒரே தோற்றத்துக்குப் பல வழிகள் இருப்பதன் காரணமும் அதுதான்.

இவற்றுள் அதிகம் அறியப்பட்டது கிரீம். எஸ்எல்சி45ஏ2 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதே இதன் காரணம் என்று 2003-இல் தெரியவந்தது. அந்த மரபணு உருவாக்கும் புரதம் மெலனோசோமின் உட்சூழலைச் சரியான நிலையில் வைத்திருக்க உதவுகிறது. வங்கப் புலிகளில் தோன்றும் வெள்ளைப் புலியின் நிறத்துக்கும் இதே மரபணுவில் நேர்ந்த வேறொரு பிறழ்வுதான் காரணம். அங்கும் செம்மஞ்சள் மறைந்துபோகிறது, கருங்கோடுகள் தங்கிவிடுகின்றன. குதிரையில் ஒரு கிரீம் பிரதி செய்வதும் ஏறக்குறைய அதையேதான்.

ஒவ்வொரு குதிரைக்கும் இந்த மரபணுவின் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று தாய்வழி, மற்றது தந்தைவழி. இரண்டில் ஒன்று மட்டும் கிரீம் பிறழ்வைக் கொண்டிருந்தால், செந்நிறமி பொன்னிறமாக வெளிறும், கருநிறமி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். அதனால் செஸ்ட்நட் குதிரை பாலோமினோ ஆகிறது: உடல் பொன், பிடரியும் வாலும் வெள்ளை. பே குதிரை பக்ஸ்கின் ஆகிறது: உடல் பொன்னிறம் அல்லது மணல் நிறம், ஆனால் பிடரியும் வாலும் கால்களும் முன்போலவே கருப்பு. கருப்புக் குதிரையில் வெளுக்கச் செந்நிறமி இல்லை. எனவே ஒரு கிரீம் பிரதியைச் சுமக்கும் கருப்புக் குதிரை, பெரும்பாலும் சாதாரணக் கருப்புக் குதிரையைப் போலவே இருக்கும். அதற்கு ஸ்மோக்கி பிளாக் என்று பெயர் இருக்கிறது. ஆனால் வெயிலில் வெளுத்த கருப்புக் குதிரையையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, எது எது என்று கேட்டால் அனுபவசாலிகளும் தடுமாறுவார்கள். 

இரண்டு பிரதிகளும் கிரீமாக இருந்தால் கதை வேறு. அப்போது கருநிறமியும் தப்புவதில்லை. உடல் தந்தமோ பாலேடோ போன்ற நிறமாகிவிடும்; தோல் இளஞ்சிவப்பு; கண்கள் வெளிர்நீலம். அடிப்படை செஸ்ட்நட்டாக இருந்தால் கிரெமெல்லோ, பேயாக இருந்தால் பெர்லினோ, கருப்பாக இருந்தால் ஸ்மோக்கி கிரீம் என்று பெயர்கள் பிரிகின்றன. பெர்லினோவின் பிடரியிலும் வாலிலும் சற்றே செம்மை ஓடும் என்பார்கள். ஆனாலும் இம்மூன்றையும் கண்ணால் மட்டும் உறுதியாகப் பிரித்துச் சொல்வது கடினம். ஒரு பிரதிக்கு ஒரு விளைவு, இரண்டு பிரதிகளுக்கு அதைவிடத் தீவிரமான இன்னொரு விளைவு என்னும் இந்த நடத்தையைத்தான் மரபியலில் முழுமையற்ற ஓங்குத்தன்மை என்கிறோம். பாடநூலில் செடியின் பூக்களைக் காட்டி விளக்கப்படும் அதே விதிதான் இங்கே நான்கு காலில் நடமாடுகிறது.

பாலோமினோவை விரும்புகிறவர்கள் இரண்டு பாலோமினோக்களை இணைசேர்த்தால் குட்டிகள் எல்லாம் பாலோமினோவாகவே பிறக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அது நடக்காது. ஒவ்வொரு பெற்றோரிடமும் ஒரு கிரீம் பிரதியும் ஒரு சாதாரணப் பிரதியும் இருப்பதால், குட்டிக்கு எதைக் கொடுப்பது என்பது ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டிப் பார்ப்பது போன்றதே. இரண்டு நாணயங்களைச் சேர்த்துச் சுண்டினால், நான்கில் ஒரு வாய்ப்பு குட்டிக்கு ஒரு கிரீமும் கிட்டாமல் செஸ்ட்நட்டாகப் பிறக்க. நான்கில் இரண்டு வாய்ப்பு பாலோமினோவாகப் பிறக்க. நான்கில் ஒரு வாய்ப்பு இரண்டு கிரீமும் கிட்டிக் கிரெமெல்லோவாகப் பிறக்க. பாலோமினோவை நிச்சயமாகப் பெறும் வழி ஒன்று உண்டு: கிரெமெல்லோவைச் செஸ்ட்நட்டோடு இணைசேர்ப்பது. கிரெமெல்லோவிடம் கொடுப்பதற்குக் கிரீம் பிரதியைத் தவிர வேறில்லை, செஸ்ட்நட்டிடம் கிரீமே இல்லை; ஆகவே ஒவ்வொரு குட்டியும் சரியாக ஒரு பிரதியோடுதான் பிறக்கும். பொன்னிறம் வேண்டுமென்றால் பொன்னிறம் இல்லாத இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

கிரெமெல்லோவை அல்பினோ என்று அழைக்கும் பழக்கம் இன்றும் மறையவில்லை. அது தவறு. அல்பினோ விலங்கில் மெலனின் உற்பத்தியே நடப்பதில்லை. கிரெமெல்லோவில் நடக்கிறது, மிகக் குறைவாக. அதன் நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருந்தால், வெளிச்சத்தில் நிறுத்திப் பார்க்கும்போது அந்தப் பொட்டின் தூய வெண்மைக்கும் சுற்றியுள்ள பாலேட்டு நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம். அந்த மெல்லிய வேறுபாடுதான் அங்கே இன்னும் நிறமி இருக்கிறது என்பதற்குச் சாட்சி. இளஞ்சிவப்புத் தோல் கடும் வெயிலில் கன்றிப்போகக்கூடும் என்பது உண்மைதான். அதற்காக இந்தக் குதிரைகளை நோயாளிகளாகக் கருதுவதில் நியாயம் இல்லை.

கிரீம் இருக்கும் அதே மரபணுவில் இன்னொரு பிறழ்வும் உண்டு. அதன் பெயர் பேர்ல், அதாவது முத்து. ஐபீரியத் தீபகற்பத்தைச் சேர்ந்த லூசிட்டானோ, ஆண்டலூசியன் போன்ற இனங்களிலும் அமெரிக்கக் குவார்ட்டர் குதிரைகளிலும் இது காணப்படுகிறது. பேர்ல் ஒடுங்கு பண்பு: ஒரு பிரதி மட்டும் இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு பிரதிகள் இருந்தால் செஸ்ட்நட் குதிரையின் உடலும் பிடரியும் வாலும் ஒன்றுபோல் பாதாமிப் பழ (ஆப்ரிகாட்) நிறமாகிவிடும். சிக்கல் தொடங்குவது ஒரு பக்கம் கிரீமும் மறுபக்கம் பேர்லும் வந்து சேரும்போது. கிரீமும் பேர்லும் ஒரே மரபணுவின் இரு வேறு பழுதுகள் என்பதால், அந்தக் குதிரையிடம் பழுதில்லாத பிரதி ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. விளைவாக அது ஏறக்குறைய இரட்டைக் கிரீம் குதிரையைப் போலவே வெளிறி, வெளிர் நிறக் கண்களோடு பிறக்கும். பேர்ல் இருப்பதை அறியாதவர் இதைக் கிரெமெல்லோ என்று முடிவுகட்டி, இதன் குட்டிகள் எல்லாம் கிரீமைச் சுமக்கும் என்று கணக்குப் போட்டுவிடுவார். உண்மையில் பாதிக் குட்டிகளுக்குக் கிரீம் கிடைக்கும். மீதிப் பாதிக்குக் கிடைப்பது பேர்ல், அதுவும் வெளியே தெரியாமல்.

இனி முதலில் பார்த்த இரண்டாவது குதிரைக்கு வருவோம். ஷாம்பெய்ன் நிறத்துக்குக் காரணம் எஸ்எல்சி36ஏ1 மரபணுவில் உள்ள ஓர் எழுத்து மாற்றம் என்பது 2008-இல் வெளியானது. இது கிரீமைப் போலச் செந்நிறமியோடு நின்றுகொள்வதில்லை. ஒரு பிரதி இருந்தாலே இரண்டு நிறமிகளையும் வெளிறச் செய்கிறது. செஸ்ட்நட் பொன்னாகிறது, கருப்பு ஒருவிதச் சாம்பல் கலந்த பழுப்பாகிறது, பேயின் கருங்கால்கள் பழுப்புக் கால்களாகின்றன. இரண்டு பிரதிகள் இருந்தாலும் தோற்றம் பெரிதாக மாறுவதில்லை என்பதால் இதை ஓங்கு பண்பு என்கிறோம். அதனால் ஷாம்பெய்ன் நிறம் தலைமுறைகளுக்கு நடுவே ஒளிந்துகொள்வதும் இல்லை. குட்டி ஷாம்பெய்னாக இருந்தால் பெற்றோரில் ஒருவராவது ஷாம்பெய்னாக இருந்தே ஆக வேண்டும்.

ஷாம்பெய்ன் குட்டியைப் பிறந்த அன்றே அடையாளம் காணலாம். அதன் கண்கள் பளிச்சென்ற நீலத்தில் இருக்கும், தோல் நல்ல இளஞ்சிவப்பாக இருக்கும். மாதங்கள் செல்லச் செல்ல நீலக்கண் பச்சை கலந்து, பிறகு தேன் நிறத்துக்கு மாறும். தோலில், குறிப்பாக மூக்கைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் வாலுக்கு அடியிலும், புள்ளிகள் ஒவ்வொன்றாக முளைக்கும். உடல் மயிரோ இதற்கு நேர்மாறாக, பிறக்கும்போது சற்று அடர்ந்து பின்பு வெளிறும். இந்த அடையாளங்கள் தெரியாமல் போனதன் விளைவு ஓர் இனத்தின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கன் கிரீம் டிராஃப்ட் என்ற பாரக்குதிரை இனம், 1911-இல் அயோவா மாநிலத்தில் ஓர் ஏலத்தில் வாங்கப்பட்ட, ஓல்ட் கிரானி என்று பெயர் பெற்ற ஒரு பெட்டைக்குதிரையிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்டது. பெயரில் கிரீம் இருக்கிறது. ஆனால் இளஞ்சிவப்புத் தோலும் தேன்நிறக் கண்ணும் கொண்ட அந்த இனத்தின் நிறத்துக்குக் காரணம் ஷாம்பெய்ன் மரபணு. கண்ணால் பார்த்துப் பெயர் வைத்தார்கள். மரபணு ஆய்வு வருவதற்குள் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

சில்வர் என்னும் நிறம் கிரீமுக்குக் கண்ணாடிப் பிம்பம் போன்றது. இது கருநிறமியை மட்டுமே தாக்குகிறது. பிஎம்இஎல் என்ற மரபணு மெலனோசோமுக்குள் கருநிறமி படிவதற்கான இழைச் சட்டத்தை அமைக்கிறது. அதில் ஏற்பட்ட பிறழ்வு 2006-இல் அடையாளம் காணப்பட்டது. கருப்புக் குதிரையில் இது உடலைச் சாக்லேட் நிறமாக்கி, பிடரியையும் வாலையும் வெள்ளியாக்கிவிடும். பலசமயம் உடலில் வட்டவட்டமான வெளிர் திட்டுகளும் தோன்றும். செஸ்ட்நட் குதிரையில் தாக்குவதற்குக் கருநிறமி இல்லாததால், அது சில்வரைச் சுமந்துகொண்டே வெளியே எதையும் காட்டாமல் திரியும். ஐஸ்லாந்துக் குதிரை, ஷெட்லாண்ட் மட்டக்குதிரை, ராக்கி மலைக் குதிரை ஆகியவற்றில் இது பரவலாக உண்டு.

சில்வரோடு ஓர் எச்சரிக்கையும் சேர்ந்து வருகிறது. இதே பிறழ்வு கண்ணின் வளர்ச்சியையும் பாதிக்கிறது. ஒரு பிரதி உள்ள குதிரைகளுக்குக் கண்ணின் உட்பகுதியில் நீர்க்கட்டிகள் தோன்றலாம்; பார்வைக்கு இவை பெரிய இடையூறாக இருப்பதில்லை. இரண்டு பிரதிகள் இருந்தால் கருவிழி அளவுக்கு மீறிப் புடைத்திருப்பது, கண்ணின் பல பகுதிகள் சரியாக உருவாகாதிருப்பது போன்ற கடுமையான குறைபாடுகள் நேரலாம். எனவே இரண்டு சில்வர் குதிரைகளை இணைசேர்ப்பது வெறும் நிறக் கணக்கு அல்ல; வெளியே காட்டாமல் சில்வரைச் சுமக்கும் செஸ்ட்நட்டும் இந்தக் கணக்கில் சேரும் என்பதை மறந்துவிடக் கூடாது.

மஷ்ரூம் என்ற நிறத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். முக்கியமாக ஷெட்லாண்ட் மட்டக்குதிரைகளில் காணப்படும் இந்த ஒடுங்கு பண்பு, செந்நிறமியை வெளிறச் செய்து, செஸ்ட்நட் உடலைக் காளானின் மேற்புறம் போன்ற சாம்பற்பழுப்பாக்குகிறது. எம்எஃப்எஸ்டி12 என்ற மரபணுவில் ஓர் எழுத்து கூடுதலாக நுழைந்ததே காரணம் என்று 2019-இல் தெரிந்தது. மனிதத் தோலின் நிற வேறுபாட்டிலும் பங்கு வகிக்கும் மரபணு அது.

எல்லாவற்றையும்விட வியப்பூட்டுவது டன். டன் குதிரையின் உடல் வெளிறியிருக்கும். தலையும் கால்களும் அடர்ந்திருக்கும். பிடரியில் தொடங்கி வால்வரை முதுகின் நடுவே கோடு கிழித்தாற்போல் ஒரு கரிய வரி ஓடும். கால்களில் வரிக்குதிரையை நினைவூட்டும் பட்டைகளும், சிலவற்றில் தோளின் குறுக்கே ஒரு கோடும் இருக்கும். பே டன் மஞ்சள்கலந்த மணல் நிறம். கருப்பு டன்னோ ஈயச் சாம்பல் நிறம். பின்னதைக் குருல்லோ என்பார்கள். ஸ்பானிய மொழியில் சாம்பல் நிறக் கொக்கு வகையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

டன் குதிரையின் உடலிலிருந்து ஒரே ஒரு மயிரைப் பிடுங்கிக் குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால், அதுவரை பார்த்த எந்த நிறநீர்ப்போடும் பொருந்தாத காட்சி தெரியும். நிறமி குறையவில்லை, வெளுக்கவும் இல்லை. மயிரின் ஒரு பக்கத்தில் மட்டும் முழு அடர்த்தியோடு குவிந்திருக்கிறது, மறுபக்கம் வெறுமையாக இருக்கிறது. பாதி வெறுமையான ஆயிரமாயிரம் மயிர்கள் சேர்ந்து உடலை வெளிறிக் காட்டுகின்றன. அதே குதிரையின் முதுகு வரியிலிருந்து எடுத்த மயிரிலோ நிறமி சுற்றிலும் படிந்திருக்கும். டிபிஎக்ஸ்3 என்ற மரபணுதான் இதை நடத்துகிறது. மயிர்க்கால் உருவாகும்போது அது ஒரு பக்கத்தில் மட்டும் இயங்கி, அந்தப் பக்கத்துக்கு நிறமிச் செல்கள் வராமல் தடுக்கிறது. இந்த மரபணு எலும்பு உள்ளிட்ட உறுப்புகளின் வளர்ச்சியிலும் பங்குகொள்ளும் ஒன்று. அதற்கு மயிரின் நிறத்தோடு தொடர்பு இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இதைக் கண்டறிந்து 2016-இல் வெளியான ஆய்வு இன்னொன்றையும் எடுத்துக்காட்டியது. மற்ற நிறநீர்ப்புகளில் எல்லாம் அடர்நிறம்தான் மூலம், வெளிறிய நிறம் பிறழ்வு. டன்னில் அது தலைகீழ். மங்கோலியப் புல்வெளிகளுக்கு உரிய பிரெசெவால்ஸ்கி குதிரை டன். மனிதன் பழக்குவதற்கு முன்பிருந்த காட்டுக்குதிரைகளின் மூல நிறமும் டன்தான். டிபிஎக்ஸ்3 மரபணுவுக்கு அருகே, அதை இயக்கும் பகுதியில் சுமார் 1,600 எழுத்துகள் தொலைந்துபோனதால், அந்த ஒருபக்கக் கட்டுப்பாடு நீங்கி, நிறமி மயிரைச் சுற்றிலும் பரவியது. இன்று நாம் சர்வசாதாரணமாகக் காணும் அடர்ந்த பேயும் அடர்ந்த கருப்பும் அந்த இழப்பின் விளைவுகள். நிறம் நீர்த்த குதிரை என்று நாம் பெயரிட்டது மூதாதையின் நிறத்தை. இயல்பான நிறம் என்று நினைத்துக்கொண்டிருப்பது பிறழ்வை. இதற்கு இடைப்பட்ட மூன்றாவது வடிவமும் உண்டு. அதில் உடல் வெளிறுவதில்லை, ஆனால் முதுகு வரி மட்டும் மங்கலாக நீடிக்கும். அந்த வடிவம் சுமார் 43,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு குதிரையின் டிஎன்ஏவிலேயே கிடைத்திருக்கிறது. ஆகவே மனிதன் குதிரையைப் பழக்கத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே குதிரைகளின் நிறம் கிளைபிரியத் தொடங்கிவிட்டது.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் அழகின் எல்லைக்குள் அடங்குபவை. அரேபியக் குதிரைகளில், குறிப்பாக எகிப்திய வழிவந்தவற்றில், வேறொரு நீர்த்த நிறம் தோன்றுகிறது. அதைப் பார்த்து யாரும் மகிழ்வதில்லை. குட்டி பிறக்கும்போதே வெள்ளி கலந்த வெளிர் ஊதா போன்ற நிறத்தில் இருக்கும். அதனால் எழுந்து நிற்க முடியாது, கழுத்தும் முதுகும் பின்னோக்கி விறைக்கும், வலிப்பு வரும். லாவண்டர் குட்டி நோய் எனப்படும் இதற்குச் சிகிச்சை இல்லை. குட்டி பிழைப்பதும் இல்லை. எம்ஒய்ஒ5ஏ என்ற மரபணுவில் ஓர் எழுத்து விடுபட்டதே காரணம் என்று 2010-இல் கண்டறிந்தார்கள். அந்த மரபணு உருவாக்கும் புரதத்தைச் செல்லுக்குள் வேலை செய்யும் சுமைதூக்கி எனலாம். நிறமிச் செல்லில் அது சுமப்பது மெலனோசோம்களை. நரம்புச் செல்லில் அது சுமப்பது நரம்பின் வேலைக்குத் தேவையான சரக்குகளை. சுமைதூக்கி இல்லாதபோது மயிருக்கு நிறம் போய்ச் சேர்வதில்லை. நரம்புகளும் தம் வேலையைச் செய்ய முடிவதில்லை. இது ஒடுங்கு பண்பு என்பதால் ஒரு பிரதியைச் சுமக்கும் குதிரை முற்றிலும் நலமாகவே இருக்கும். சுமக்கும் இரண்டு குதிரைகள் சேரும்போதுதான், நான்கில் ஒரு வாய்ப்பாக, இந்தக் குட்டி பிறக்கிறது. இணைசேர்ப்பதற்கு முன் பரிசோதித்துப் பார்த்துவிட்டால் முழுவதும் தவிர்த்துவிடக்கூடிய துயரம் இது.

நிறநீர்ப்போடு அடிக்கடிக் குழப்பிக்கொள்ளப்படும் ஒன்றையும் விலக்கிவைக்க வேண்டும். வெண்குதிரை என்று நாம் சொல்லும் குதிரைகளில் மிகப் பல, மரபியல் கணக்கில் கிரே எனப்படும் நரைக்குதிரைகள். அவை அடர்நிறத்தோடு பிறந்து, ஆண்டுக்கு ஆண்டு நரைத்து, கடைசியில் வெள்ளையாகின்றன. தோல் மட்டும் கடைசிவரை கரியதாகவே இருக்கும். எஸ்டிஎக்ஸ்17 மரபணுவில் 4,600 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதி இரட்டித்திருப்பதே இதன் காரணம். இந்தக் குதிரைகளுக்கு முதுமையில் மெலனோமா எனப்படும் நிறமிச் செல் கட்டிகள் வருவதும் அதிகம். நிறம் நீர்த்த குதிரை பிறவியிலேயே வெளிறியிருப்பது, நரைக்குதிரை காலப்போக்கில் வெளுப்பது. இந்த வேறுபாடு ஒன்றே பெரும்பாலான குழப்பங்களைத் தீர்த்துவிடும். ஆனால் நரை எல்லா நிறத்தையும் மூடிவிடும் என்பதால், வெள்ளையாகிவிட்ட ஒரு நரைக்குதிரை உள்ளே கிரீமையோ டன்னையோ சுமந்துகொண்டிருந்தாலும் பார்ப்பவருக்குத் தெரியப்போவதில்லை.

அதனால்தான் தோல், கண், முதுகு வரி, பெற்றோரின் நிறம் என்று எல்லாவற்றையும் பார்த்த பிறகும் ஐயம் எஞ்சினால், முடிவு ஆய்வுக்கூடத்தில்தான் கிடைக்கும். அதற்கு இரத்தம்கூடத் தேவையில்லை. பிடரியிலிருந்தோ வாலிலிருந்தோ இருபது முப்பது மயிர்களை விரலில் சுற்றி, வெடுக்கென்று வேரோடு பிடுங்கி அனுப்பினால் போதும். கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தால் பயனில்லை. தேவையான டிஎன்ஏ மயிரின் அடியில் வெண்மையாகத் திரண்டிருக்கும் அந்தச் சிறு வேர்முனையில்தான் இருக்கிறது.

ஒரு கருப்புப் பெட்டைக்குதிரையின் மயிரை இப்படி அனுப்பியதாக வைத்துக்கொள்வோம். முடிவில் மூன்று செய்திகள் வருகின்றன: எம்சி1ஆர் மரபணுவில் ஒரு பிரதி நல்லது, மற்றது செஸ்ட்நட்டுக்கு உரியது; ஏஎஸ்ஐபியில் இரண்டு பிரதிகளும் கருமையைக் கட்டுப்படுத்தாதவை; எஸ்எல்சி45ஏ2-இல் ஒரு பிரதி கிரீம். அதாவது அது சாதாரணக் கருப்பு அல்ல, ஸ்மோக்கி பிளாக். அதைக் கிரீம் இல்லாத, ஏஎஸ்ஐபியில் அதே கருப்பு வடிவங்களையே சுமக்கும் ஒரு செஸ்ட்நட்டோடு சேர்த்தால், குட்டிக்கு எம்சி1ஆர் நாணயம் தனியாகவும் கிரீம் நாணயம் தனியாகவும் சுண்டப்படும். அவை வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதால் ஒன்று மற்றதைப் பாதிப்பதில்லை. பிறக்கக்கூடிய நிறங்கள் நான்கு, நான்குக்கும் சம வாய்ப்பு: கருப்பு, ஸ்மோக்கி பிளாக், செஸ்ட்நட், பாலோமினோ. பொன்னிறக் குட்டி பிறந்தால், கருப்புத் தாய்க்கும் செம்பழுப்புத் தந்தைக்கும் இது எப்படி வந்தது என்று இனி யாரும் திகைக்க வேண்டியதில்லை. கருப்புக் குட்டி பிறந்தாலோ, அது தாயிடமிருந்து கிரீமை வாங்கிக்கொண்டதா இல்லையா என்பதை அறிய, அதன் வாலிலிருந்தும் சில மயிர்களை வேரோடு பிடுங்க வேண்டியிருக்கும்.